வீட்டுப் பத்திரமும் விசாவும்

ராசிங்காபுரத்தில் நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



வெளிநாட்டு வீடு இப்போது கடைவீதிச் சரக்காகிவிட்டது. சென்னை, கோவை ஓட்டல்களில் சனி, ஞாயிறு பார்த்துத் துபாய் அடுக்குமாடிகளின் கண்காட்சி நடக்கிறது. ஜூஸ் கொடுத்து உட்காரவைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொம்மைக் கட்டடத்தைக் காட்டி, "மாதம் ஒரு சதவீதம் கட்டினால் போதும் சார்" என்கிறார்கள். போய்ப் பார்த்தவர்கள் கேட்டுவிட்டு வருவது இரண்டே கேள்வி: விலை என்ன, தவணை என்ன. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அந்த வீட்டில் எத்தனை வருஷம் இருக்க விடுவார்கள்? விற்கிறவர் இதற்கு நேரடியாகப் பதில் சொல்வதில்லை. சொல்ல அவருக்கு அதிகாரமும் கிடையாது. வீட்டை விற்பது கம்பெனி, இருக்க விடுவது அந்த நாட்டின் குடியேற்றத் துறை. இந்தப் பேச்சு முழுக்க அந்த மூன்றாவது கேள்வியைச் சுற்றித்தான்.

தேனி மாவட்டத்தில் போடிக்குப் பக்கத்திலிருக்கும் ராசிங்காபுரத்தில் இதை விளக்க அதிக நேரம் பிடிக்காது. விடிவதற்கு முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுகின்றன. பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத் தோட்டங்கள் விரிகின்றன. கூலிக்குப் போகிறவர்கள் பொழுது சாய இறங்கிவிடுவார்கள். போடியிலும் கம்பத்திலும் வீடு வைத்துக்கொண்டு மலையில் தோட்டம் பார்க்கிறவர்களும் தலைமுறை தலைமுறையாக உண்டு. மேலே பத்து ஏக்கர் ஏலம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் உடனே கேட்பது விளைச்சலைப் பற்றி அல்ல. அரசு கொடுத்த பட்டயம் இருக்கிறதா, வெறும் கைவசமா?

அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏலமலைக் காடு என்று திருவிதாங்கூர் அரசு 1897இல் அறிவிக்கை வெளியிட்டது. அதில் சொன்ன பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது இன்றுவரை நீதிமன்றத்தில் ஓடும் வழக்கு. இரண்டுக்கும் நடுவில் முழுசாக இரண்டு லட்சம் ஏக்கர்! அங்கே நிலம் வருவாய்த் துறையிடம், அதில் நிற்கும் மரம் வனத்துறையிடம். ஏலச் செடி வைத்துக்கொள்ளலாம்; நிழல் மரத்தில் கைவைக்க வேறொரு அலுவலகத்தின் படியேற வேண்டும். கேரளத்தின் 1964ஆம் ஆண்டு நில ஒதுக்கீட்டு விதிகளின்படி கிடைத்த பட்டயத்தில் விவசாயம் செய்யலாம், குடியிருக்க வீடு கட்டலாம். லாட்ஜ் கட்டப் போய் வழக்கில் மாட்டியவர்கள் ஏராளம். அதைச் சரிசெய்யத்தான் 2023இல் கேரளச் சட்டமன்றம் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. சின்னக்கானல், சாந்தன்பாறை உள்ளிட்ட சில கிராமங்களில் கட்டடம் எழுப்பவே வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும் என்பது 2010இல் கேரள உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவிலிருந்து வந்த நடைமுறை. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏலமலைக் காட்டு நிலத்தில் புதிய பட்டயம் கொடுப்பதையே நிறுத்திவைத்தது.

ஆக, காசு கொடுத்து வாங்கிய நிலத்திலும் என்ன செய்யலாம், எது கூடாது என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நிலம் கைவிட்டுப் போகாமலே ஆள் வெளியேற வேண்டிய நிலை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் சூடேறியபோது இடுக்கி மலையில் குடியிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு காட்டுப் பாதையாகத் தேனி மாவட்டத்துக்கு இறங்கி வந்தன. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்ததும் போடிமெட்டும் கம்பமெட்டும் அடைபட்டன. தோட்டம் மேலே, தோட்டக்காரர் கீழே. இத்தனைக்கும் இது ஒரே நாடு, ஒரே பாஸ்போர்ட், பக்கத்து மாநிலம்.

கடல் தாண்டினால் இந்த இரண்டும் எழுத்திலேயே தனித்தனியாகிவிடுகின்றன. வீட்டுப் பத்திரம் ஒரு தாள், விசா இன்னொரு தாள். ஒன்று இருப்பதால் மற்றது வந்துவிடாது. நாடு நாடாகப் பார்த்தால் தெரியும்.

துபாயிலிருந்து தொடங்கலாம், இங்கிருந்து போகிறவர்களின் கணக்கு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. வெளிநாட்டார் சொந்தமாக வீடு வாங்கலாம் என்று துபாய் 2002இல் கதவைத் திறந்தது. 2006இல் வந்த 7ஆம் எண் சட்டம் அந்த உரிமையைப் பதிவேட்டில் ஏற்றியது. குறிப்பிட்ட பகுதிகளில் முழு உரிமை, அதற்கு நிலத்துறை தரும் பத்திரம். கட்டி முடிக்காத வீட்டுக்குக் கட்டும் பணம் கட்டுநரின் பைக்குப் போகாமல் தனிக் காப்புக் கணக்குக்குப் போக வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டம். அது வந்த மறுவருஷமே உலகப் பணச் சந்தை சரிந்தது. பாதியில் நின்ற கட்டடங்களும் ரத்தான திட்டங்களும் அங்கே ஏராளம். ஆகவே கட்டி முடித்த வீட்டையே பார்ப்பது நல்லது. மாதம் ஒரு சதவீதம் என்ற கவர்ச்சி பெரும்பாலும் இன்னும் எழும்பாத கட்டடத்துக்குத்தான்.

இனிக் கணக்கு. ஒரு திராம் 24 ரூபாய் என்றும், வீடு 7,50,000 திராம் என்றும் வைத்துக்கொள்வோம். 1 கோடியே 80 லட்சம் ரூபாய். நிலத்துறைக்குப் பதிவுக் கட்டணம் 4 சதவீதம், அதாவது 30,000 திராம். ரூபாயில் 7 லட்சத்து 20 ஆயிரம். தரகு 2 சதவீதம் என்பது வழக்கம். அது 15,000 திராம். முடிந்ததா என்றால் இல்லை. கட்டடப் பராமரிப்புக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் கட்ட வேண்டும். 800 சதுர அடி வீட்டுக்கு அடிக்கு 15 திராம் என்றால் 12,000 திராம், நம்மூர்ப் பணத்தில் 2 லட்சத்து 88 ஆயிரம். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்து உட்கார்ந்தாலும் இது ஓடிக்கொண்டே இருக்கும். கண்காட்சியில் இந்த வரியைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும்.

அங்கேயே சம்பளம் வாங்குகிறவருக்கு வங்கிக் கடன் உண்டு. 50 லட்சம் திராமுக்குக் குறைந்த முதல் வீடு என்றால் வெளிநாட்டார் விலையில் 20 சதவீதம் கையிலிருந்து போட்டாக வேண்டும். மீதிக்குக் கடன், அதிகபட்சம் 25 ஆண்டு. இங்கேதான் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. கடன் 25 ஆண்டு. கம்பெனி எடுத்துத் தரும் வேலை விசா பொதுவாக 2 ஆண்டு. வேலை போனால் விசா ரத்து, அதன்பின் சில சலுகை நாட்கள். வீடு அவர் பெயரிலேயே இருக்கும், தவணையும் அவர் பெயரிலேயே இருக்கும், அவர் மட்டும் அங்கே இருக்க முடியாது. சொத்தை வைத்தே விசா கிடைக்காதா என்றால், கிடைக்கும். பத்தாண்டு கோல்டன் விசாவுக்கு 20 லட்சம் திராம் மதிப்புள்ள சொத்து வேண்டும். அதே 24 ரூபாய்க் கணக்கில் 4 கோடியே 80 லட்சம். சிறிய சொத்துக்கு இரண்டாண்டு விசா என்ற வழியும் உண்டு. அதற்கு 7,50,000 திராம் என்பது நெடுநாள் இருந்த அளவுகோல். குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் கணக்கு வீட்டோடு சேராது, தனி: மாதச் சம்பளம் 4,000 திராம், அல்லது 3,000 திராமும் தங்குமிடமும் இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் கதை வேறு. நம்மவர்கள் போட்டோவில் காட்டும் அந்த வரிசை வரிசையான அடுக்குமாடிகள் வீவக வீடுகள். 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டியவை. அங்குள்ள குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் அவற்றில்தான் வாழ்கிறார்கள். கட்டுபடியாகும் குடும்ப வீடு என்றால் உலகமே உதாரணம் காட்டுவது அதைத்தான். வேலை பாஸில் போகிற ராசிங்காபுரத்துக்காரர் அதை வாங்கவே முடியாது. பாஸின் வகையைப் பொறுத்து வாடகைக்கு எடுக்கலாம், அதுவும் ஆறு மாதத்துக்குக் குறையாமல். கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகள் ஆகி மூன்று ஆண்டு கழிந்த பிறகே மறுவிற்பனை வீடு வாங்கலாம். அப்போதும் 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை குறுக்கே நிற்கும். ஒவ்வொரு புளோக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மற்றும் பிறர் என்று விழுக்காடு உண்டு. அந்த புளோக்கில் இந்தியர் கணக்கு நிரம்பியிருந்தால் இன்னொரு இந்தியக் குடும்பம் காலி செய்தால்தான் இடம். நிரந்தரவாசிகளுக்கென்று வேறு தனி வரம்பு.

தனியார் கொண்டோமினியம் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், பணம் இருந்தால். வெளிநாட்டாருக்கான கூடுதல் முத்திரை வரியை 2023 ஏப்ரல் 27 முதல் 30 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாக ஏற்றிவிட்டார்கள். 15 லட்சம் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், விலையுள்ள வீட்டுக்குக் கூடுதல் வரி மட்டும் 9 லட்சம். எல்லோரும் கட்டும் சாதாரண முத்திரை வரி 44,600 தனி. அமெரிக்கர், சுவிட்சர்லாந்துக்காரர், நார்வேக்காரர் போன்றோர் ஒப்பந்தத்தின் பேரில் இதிலிருந்து தப்பிக்கிறார்கள். இந்தியருக்கு அந்தச் சலுகை இல்லை. வொர்க் பெர்மிட்டில் போகிறவர் குடும்பத்தையே கொண்டுபோக முடியாது. அதற்கு மேற்பட்ட பாஸில் இருப்பவருக்கும் மாதம் 6,000 வெள்ளி சம்பளம் இருந்தால்தான் மனைவி மக்களுக்கு அனுமதி. 99 வருஷக் குத்தகை வேறு. வீவக வீட்டை வாங்கியவர் உண்மையில் வாங்கியது அந்தக் குத்தகையின் மீதி வருஷங்களைத்தான். கெடு முடிந்தால் வீடு கழகத்துக்கே திரும்பும். குத்தகை நிலத்தில் ஏலம் போட்டவர்களுக்கு இது புரியும், சென்னையில் யு.டி.எஸ். (பிரிக்கப்படாத நிலப் பங்கு) கணக்குப் பார்த்து ஃபிளாட் வாங்கியவர்களுக்குத்தான் திகைப்பாக இருக்கும்.

மலேசியா இரண்டுக்கும் நடுவில். வாங்க விடுகிறார்கள், ஆனால் மலிவானதை வாங்க விடமாட்டார்கள். வெளிநாட்டாருக்குப் பெரும்பாலான இடங்களில் குறைந்தபட்ச விலை பத்து லட்சம் ரிங்கிட். மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சிலாங்கூரின் பல பகுதிகளில் இருபது லட்சம். மாநில அரசின் சம்மதமும் வேண்டும். மலாய் ஒதுக்கீட்டு நிலத்தைத் தொடவே முடியாது. சாதாரண குடும்பம் வாங்கக்கூடிய மூன்று, நான்கு லட்சம் ரிங்கிட் தரைவீடுகள் உள்ளூர்க்காரருக்கு மட்டும். நீண்ட காலம் தங்கும் 'மலேசியா எனது இரண்டாம் இல்லம்' திட்டத்தை 2024இல் மாற்றியமைத்தபோது, கீழ்ப்படியான வெள்ளித் தரத்துக்கே ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலர் வைப்புத்தொகையும், ஆறு லட்சம் ரிங்கிட் வீடும், அதைப் பத்தாண்டு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் போட்டார்கள். ஓய்வுபெற்ற பணக்காரருக்கு ஏற்ற திட்டம் அது. பிழைக்கப் போகிறவருக்கு அல்ல.

மலேசியா என்றதும் ஒருவரை நினைக்காமல் போக முடியாது. 1957இல் விடுதலை வந்ததை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்றே அதற்குப் பெயர். பல தலைமுறை பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் வேலையையும் லயத்து வீட்டையும் ஒரே நாளில் இழந்தன. இரண்டுமே முதலாளி கொடுத்தவை. அப்போது மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவிலிருந்த புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பின்னர் இன்னும் பல தோட்டங்கள். கூலிக்காரர் பங்குதாரரானார். தனியாள் பணத்தால் வாங்க முடியாத மண்ணைக் கூட்டாக வாங்கிய இந்தக் கதை, வெளிநாட்டில் தமிழர் வீடு தேடிய வரலாற்றில் மிகத் தெளிவான பக்கம். 

இலங்கை மலையகத்தில் அப்படி ஒரு சம்பந்தன் கிடைக்கவில்லை. 1948இல் தோட்டத் தமிழர்களின் குடியுரிமை போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தது. மிஞ்சியவர்கள் லயன் அறையிலேயே இருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி, சொந்தப் பெயரில் கிடைப்பது என்பது பல தேர்தல்களின் வாக்குறுதியாகவே ஓடியது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் 10,000 வீடுகளை அறிவித்தார். புதிதாகப் போய் வாங்க நினைக்கும் அயல்நாட்டாருக்கோ 2014ஆம் ஆண்டின் 38ஆம் எண் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: நிலம் கிடையாது, அடுக்குமாடியில் நான்காம் மாடியும் அதற்கு மேலும் என்றால் வாங்கலாம்.

கனடாதான் இளைஞர்கள் அதிகம் கேட்கும் நாடு. ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் ஈழத் தமிழர்கள் வீடு வாங்கிய முறை நாற்பது ஆண்டு அனுபவத்தில் புடம் போட்டது. அகதியாக வந்து, நிரந்தர வதிவிடம் (பி.ஆர்.) பெற்று, இருவரும் உழைத்து, பேஸ்மெண்டைப் புதிதாக வந்த இன்னொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் கடன் தவணையில் ஒரு பங்கைக் கட்டினார்கள். கவனிக்க வேண்டியது வரிசையை: முதலில் வதிவிட உரிமை, பிறகே வீடு.

இன்று அந்த வரிசையைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. கனடியரல்லாதோர் குடியிருப்பு வாங்கத் தடை 2023 ஜனவரி 1இல் வந்தது. 2027 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். நிரந்தரவாசிக்குத் தடையில்லை. வேலை அனுமதியில் இருப்பவர், அனுமதி இன்னும் 183 நாளாவது மீதி இருந்தால், ஒரு வீடு வாங்கலாம். சரி, வாங்கலாம் என்று கிளம்பினால் ஒன்டாரியோ மாகாணம் 2022 அக்டோபர் முதல் 25 சதவீத ஊக வரி போடுகிறது. டொரண்டோ மாநகரம் 2025 ஜனவரி முதல் தன் பங்குக்கு இன்னொரு 10. எட்டு லட்சம் டாலர் வீடு ஸ்கார்பரோவில் என்றால், அது டொரண்டோ எல்லைக்குள் இருப்பதால், வரி 2,80,000 டாலர். ஏஜாக்ஸில் 2,00,000. அதே வீட்டை அதே ஆள் பி.ஆர். அட்டை கைக்கு வந்த பிறகு வாங்கினால் இந்த இரண்டு வரியும் பூஜ்யம். முன்பணமும் 55,000 டாலரே போதும், காப்பீட்டோடு மீதி கடன். வாங்கிய பிறகு நாலு ஆண்டுக்குள் பி.ஆர். ஆனால் மாகாண வரியைத் திரும்பக் கேட்கலாம் என்றொரு வழி உண்டு. ஆனால் அந்த இரண்டு லட்சம் டாலரை முதலில் எடுத்து வைக்கக்கூடியவர் இந்தக் கூட்டத்தில் யார்?

வட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே கடன் 25, 30 வருஷம் என்றாலும் வட்டி பெரும்பாலும் ஐந்தைந்து வருஷத்துக்கே நிலையானது. 2022 மார்ச் தொடக்கத்தில் கால் சதவீதமாக இருந்த மத்திய வங்கி விகிதம் 2023 ஜூலையில் 5 சதவீதம். கொரோனா காலத்து மலிவு வட்டியை நம்பி வாங்கியவர்கள், கெடு முடிந்து புதுப்பிக்கப் போனபோது தவணை எகிறியதைக் கண்டார்கள்.

ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை வெளிநாட்டாரும் தற்காலிக விசாக்காரர்களும் பழைய வீடு வாங்கத் தடை போட்டது. புது வீடுதான் வாங்கலாம். நியூசிலாந்து 2018லேயே கதவைச் சாத்தியது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு எட்டாக்கனி ஆனால் எந்த அரசும் முதலில் அயலான் மேல்தான் கைவைக்கும். அதில் நியாயம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

இதற்கு நேர்மாறாக, வா வா என்று கூப்பிடும் ஊர்களும் உண்டு. இத்தாலியில் ஒரு யூரோ வீடு. சிசிலித் தீவின் சம்புகா ஊர் 2019இல் இதனால் உலகப் புகழ் பெற்றது. ஊரைவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள், கூரை இடிந்து கிடக்கிறது, ஒரு யூரோ கொடுத்தவர் குறிப்பிட்ட கெடுவுக்குள் பல்லாயிரம் யூரோ செலவில் செப்பனிட வேண்டும். ஜப்பானில் 2023 கணக்கெடுப்பில் 90 லட்சம் வீடுகள் காலி. கிராமத்தில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும், வெளிநாட்டார் வாங்கத் தடையும் கிடையாது. ஆனால் அந்த வீட்டை வாங்கியதற்காக ஒரு நாள் விசாகூடத் தரமாட்டார்கள். பத்திரம் உண்டு, இருப்பு இல்லை. வருஷா வருஷம் சொத்து வரி மட்டும் தவறாமல் வரும்.

வீடு வாங்கினால் விசா என்று ஆசைகாட்டிய ஐரோப்பிய நாடுகளும் பேச்சை மாற்றின. போர்ச்சுக்கல் 2023இல் வீட்டு வழியை எடுத்துவிட்டது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் திட்டத்தையே மூடியது. கிரேக்கத்தில் இரண்டரை லட்சம் யூரோவாக இருந்தது ஏதென்ஸ் போன்ற இடங்களில் 2024இல் எட்டு லட்சமானது.

இனி நம் பக்கத்துச் சட்டம். இங்கே குடியிருக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம். ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்புத் திட்டம். குடும்பத்தார் ஒவ்வொருவர் வரம்பையும் சேர்த்து ஒரு வீடு வாங்க 2022ஆம் ஆண்டு வெளிநாட்டு முதலீட்டு விதிகள் இடம் தருகின்றன. ஆனால் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் போனால், மேற்கொண்டு போகும் தொகையில் 20 சதவீதத்தை வங்கி டி.சி.எஸ். என்று முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். முன்பு சொன்ன 1 கோடியே 80 லட்சத்தை அனுப்பினால் பிடித்தம் 34 லட்சம். இது வரியல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்து மீதியைத் திரும்ப வாங்கலாம். ஆனாலும் 34 லட்சம் மாதக்கணக்கில் முடங்கும். அந்தப் பணத்துக்கும் கடன் வாங்கியவர் வட்டி கட்டியாக வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று ஃபெமா என்னும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் ஆறாம் பிரிவில் இருக்கிறது. வெளிநாட்டில் குடியிருந்தபோது, அங்கே சம்பாதித்த பணத்தில் வாங்கிய வீட்டை, ஊர் திரும்பிய பின்னும் வைத்துக்கொள்ளலாம், வாடகைக்கு விடலாம், விற்கலாம். டாலர் வரம்பும் இல்லை, டி.சி.எஸ். பிடித்தமும் இல்லை. திரும்பி வந்து இங்கே சாதாரணக் குடியிருப்பாளர் ஆனபின் மட்டும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்ட வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். தோட்டத்தை விற்று இங்கிருந்து பணம் அனுப்பி வாங்குவதும், அங்கே போய்ச் சம்பாதித்து வாங்குவதும் சட்டத்தின் கண்ணில் இரு வேறு காரியங்கள். முதலாவது விலையும் அதிகம், தலைவலியும் அதிகம்.

அதனால் வெளிநாடு போய்ச் சேர்ந்த முதல் வருஷமே வீடு பார்க்க வேண்டாம் என்பது இந்தப் பேச்சின் சிபாரிசு. வாடகை வீண்செலவு என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. வெளிநாட்டில் முதல் மூன்று நான்கு வருஷ வாடகை, வேலை நிலைக்குமா, விசா நீளுமா, பிள்ளைக்கு எந்தப் பள்ளி, மனைவிக்கு அங்கே வேலை கிடைக்குமா என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளக் கொடுக்கும் விலை. மனைவியின் வேலையைக் கடைசியில் யோசிக்கும் வழக்கமும் மாற வேண்டும். கனடாவிலும் சரி, சிங்கப்பூரிலும் சரி, தவணை கட்டும் குடும்பங்களில் பெரும்பாலும் இரண்டு சம்பளம்.

வாங்கும் கட்டம் வந்துவிட்டால் ஒரு நிம்மதி உண்டு. நம்மூரில் பதிவு செய்த பத்திரம் உரிமைக்கு அரசு தரும் உத்தரவாதம் அல்ல. அதனால்தான் தாய்ப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம், பட்டா, சிட்டா என்று அலைகிறோம். சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, ஒன்டாரியோ போன்ற இடங்களில் பதிவேட்டில் யார் பெயரோ அவரே சொந்தக்காரர். 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையும் அதன் வழிவந்தவையும் இவை. பழைய பத்திரச் சங்கிலி தேட வேண்டியதில்லை. அங்கே பார்க்க வேண்டியது வேறு: குத்தகை எத்தனை வருஷம் மீதி, பராமரிப்பு நிலுவை எவ்வளவு, அடமானம் இருக்கிறதா, வாடகைக்கு விட அனுமதி உண்டா.

உயில் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், நம்மவர்கள் அபசகுனம் என்று தள்ளிப்போடுவதால். ஐக்கிய அரபு அமீரகத்தில் முஸ்லிமல்லாதோருக்கான தனி குடும்பச் சட்டம் 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உயில் இல்லாமல் இறந்தால் பாதி துணைவருக்கு, பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஊரிலிருக்கும் தாய் தகப்பனுக்கும் பங்கு சேர வேண்டும் என்று நினைத்தால் துபாயில் உயில் பதிவு செய்துதான் ஆக வேண்டும்.

கடைசியாக, ஊரில் இருக்கும் நிலம். வேலைக்கென்று விமானம் ஏறிய நாளிலிருந்தே ஃபெமாவின் பார்வையில் அவர் வெளிநாடுவாழ் இந்தியர். போகும் முன் தம் பெயரிலிருந்த நஞ்சை, புஞ்சை, தோப்பை வைத்துக்கொள்ளலாம். அப்பா வழியில் வரும் பங்கையும் பெறலாம். போடியில் வீடு, மதுரையில் ஃபிளாட், தேனியில் கடை எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் ஆகியவற்றை மட்டும் புதிதாக விலைக்கு வாங்க முடியாது. இருப்பதை விற்பதானாலும் இங்கே குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும். துபாயில் பத்து ஃபிளாட் வாங்க உரிமை பெற்றவருக்கு ராசிங்காபுரத்தில் பக்கத்து வரப்புக்காரர் விற்கும் பத்து சென்ட் புஞ்சையை வாங்க உரிமை இல்லை. சேமிப்பை வீட்டில் போடுவதா நிலத்தில் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள், நிலம்தான் என்று முடிவெடுத்தால், அந்தக் கிரயத்தைப் போடி சார்பதிவாளர் அலுவலகத்தில் டிக்கெட் தேதிக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.